விரோதி யார்?

அறவழி நடக்கும் இல்லறத்தார் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்ளும் பொருட்டுத் துப்பாக்கி வைத்திருக்கலாமா? சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் இக்கேள்வி புதிதன்று. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் எவரும் இல்லாத தனி வீடுகளில் வாழும் நல்லவர்களே இதனைக் கேட்கின்றனர். இதே கேள்வியை நம்மினும் கூர்மையாகக் கேட்போர் வேறு சிலரும் உளர். சிறு பாய்மரப் படகுகளில், பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக, உலகக் கடல்களைச் சுற்றிவரும் பயணிகளே அவர்கள். நடுக்கடலில் காவல் நிலையம் இல்லை. ஓடிச்சென்று கதவைத் தட்ட அண்டை வீடும் இல்லை. படகில் துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா, கூடாதா என்பது அவர்களிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கு. ஆதலின், கடலில் இக்கேள்வி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை முதலில் கண்டு, பின்னர் மலைக்குத் திரும்புவோம்.

இக்கேள்விக்கு நம் ஆன்றோர் எளிய விடையைக் கூறிச் செல்லவில்லை. அவர்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கற்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தாக்க வருவோரை எதிர்த்து நிற்பதில் நேர்வது விரோதி ஹிம்சை. துறவியர் இந்நான்கையும் நீக்குவர். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் நீக்கி, ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்து வாழக் கடவர். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர், கங்க அரசின் படைத்தலைவராக வாள் ஏந்தியவர். அவரை நாம் சிராவகர் அல்லர் என்று தள்ளியதில்லை. எனவே, ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டவுடனே காதைப் பொத்திக்கொள்வது நம் மரபு அன்று.

ஆனால் பலரும் இவ்விடத்திலேயே சிந்தனையை நிறுத்தி விடுகின்றனர். "விரோதி ஹிம்சைக்கு இல்லறத்தில் இடம் உண்டு, ஆதலால் துப்பாக்கிக்கும் இடம் உண்டு" என்பது அவர்தம் வாதம். இந்த 'ஆதலால்' சரிதானா என்பதே நாம் ஆராய வேண்டியது.

இனிக் கடலுக்குச் செல்வோம். நிலப்படத்தை விரித்து நோக்கினால், கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை நம் மலைக்குச் சற்று மேற்கே, ஓமலூர்ப் பக்கமாகச் செல்வதைக் காணலாம். அக்கோடே தெற்கே நீண்டு, கன்னியாகுமரிக்குக் கிழக்கே கடலில் இறங்குகிறது. சோமாலியக் கொள்ளையர் கப்பல்களைக் கடத்திப் பணம் பறித்து வந்த காலத்தில், 2010இல், கப்பல் துறையினர் 'பேரிடர்க் கடற்பகுதி' ஒன்றை வரைந்தனர். அதன் கிழக்கு எல்லையாக அவர்கள் கொண்டது இந்த 78 பாகைக் கோட்டினையே. இதன் விளைவாக, கேரளக் கரையும் குமரியின் மேலைக் கரையும் சோமாலியாவிலிருந்து வெகு தொலைவில் இருந்தும், கொள்ளையர் உலவும் கடலாகக் குறிக்கப்பட்டன. பெரிய வணிகக் கப்பல்கள் நம் கரையை ஒட்டிச் செல்லலாயின. அவற்றுட் பலவற்றில் ஆயுதம் தாங்கிய காவலரும் ஏறினர். நம் மீனவர் தலைமுறை தலைமுறையாக வலை வீசும் கடலும் அதுவே.

2012 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற 'என்ரிக்கா லெக்சி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பல், கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆன்டனி' என்னும் மீன்பிடிப் படகினைக் கண்டது. படகில் 11 பேர் இருந்தனர். உழைத்துக் களைத்து உறங்கியோரும் அவருள் உளர். கப்பலில் காவலுக்கு இருந்தவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்கள். தங்களை நோக்கி வருவது கொள்ளையர் படகு என்று கருதியதாக அவர்கள் பின்னர்க் கூறினர். துப்பாக்கிகள் முழங்கின. கொல்லத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவரும், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் மாண்டனர். படகில் ஆயுதம் ஏதும் இல்லை. மீனும் வலையுமே இருந்தன.

அதன் பின்னர் நாடுகளுக்கிடையே வழக்கு நடந்தது. இரு வீரர்களையும் விசாரிக்கும் உரிமை இத்தாலிக்கே உரியது என்றும், இந்தியாவுக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்றும் பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் மாண்டோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகின் உரிமையாளருக்கு 2 கோடியும் ஒதுக்கி, 2021 ஜூன் 15இல் நம் உச்ச நீதிமன்றம் இங்கு நடந்த வழக்கை முடித்து வைத்தது. பேரிடர்ப் பகுதியின் எல்லைக் கோடோ 2015 டிசம்பர் 1 முதல் 65 பாகைக்குத் தள்ளப்பட்டது; 2023 ஜனவரி 1 முதல் அப்பகுதியே நீக்கப்பட்டது. வரைந்த கோட்டினை அழிக்க முடிந்தது. போன உயிர் இரண்டும் போனவையே.

இப்போது நம் நான்கு வகைகளை நினைவிற் கொள்வோம். அன்று நேர்ந்த கொலை எவ்வகையைச் சார்ந்தது? மீனவரைக் கொல்ல வேண்டும் என்று அவ்வீரர்கள் கருதியிருக்கவில்லை. அது வீட்டு வினையும் அன்று. உழவும் வாணிகமும் அன்று. நாங்கள் விரோதியை எதிர்த்தோம் என்பதே அவர்கள் கூறக்கூடியது. ஆனால் அங்கே விரோதி எவரும் இல்லையே! விரோதி ஹிம்சை நிகழ வேண்டுமானால் முதற்கண் ஒரு விரோதி வேண்டும். அவன் விரோதி என்பது நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். சாமுண்டராயர் எதிர்கொண்டவர்கள் கொடியும் முரசும் கொண்டு களத்தில் வந்து நின்றவர்கள். அவர்கள் யார் என்பதில் ஐயம் இல்லை. இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் அளித்த விலக்கு, அறியப்பட்ட எதிரியைப் பற்றியது. அறியப்படாத அயலானைப் பற்றியது அன்று.

மறுபக்கத்து நியாயத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். 2005 மார்ச்சில் ஏமன் நாட்டுக் கடலோரம் சென்ற இரண்டு பாய்மரப் படகுகளைக் கொள்ளையர் சூழ்ந்து சுட்டனர். படகு ஒன்றில் இருந்தவர் தம் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். மற்றவர் தம் படகையே கொள்ளையர் படகின் மீது மோதினார். இரு படகினரும் உயிர் தப்பினர். ஆயுதக் காவலர் ஏறிய வணிகக் கப்பல் எதுவும் சோமாலியரால் கடத்தப்படவில்லை என்று கப்பல் துறையினர் எடுத்துக்காட்டியதும் உண்டு. 2011 பிப்ரவரியில் 'குவெஸ்ட்' என்னும் அமெரிக்கப் பாய்மரப் படகு, இந்தியாவிலிருந்து ஓமன் நாட்டின் சலாலாவை நோக்கிச் செல்கையில் பிடிபட்டது. அதில் இருந்த நால்வரும் சில நாட்களில் கொல்லப்பட்டனர். தீங்கு செய்யாதார்க்குத் தீங்கு நேராது என்று கூறி இந்நால்வரின் முடிவை மூடி மறைக்க இயலாது.

எனினும் அப்படகில் ஏறிய கொள்ளையர் 19 பேர். நால்வர் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருப்பின் என்ன செய்திருக்க முடியும்? இதற்கு விடை போல் அமைந்தது அதற்கு முன்பே நடந்த மற்றொரு நிகழ்ச்சி. நியூசிலாந்தின் புகழ்பெற்ற கடலோடி சர் பீட்டர் பிளேக் 2001 டிசம்பரில், பிரேசில் நாட்டின் அமேசான் ஆற்று முகத்தில் நங்கூரமிட்டிருந்தார். முகமூடிக் கொள்ளையர் படகில் ஏறினர். அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். கொள்ளையருள் ஒருவன் காயமுற்றான். அதன்பின் அத்துப்பாக்கி இயங்க மறுத்தது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் எடுத்துச் சென்றவை ஒரு சிறு படகு எந்திரமும் சில கைக்கடிகாரங்களும் போன்றவை. அவருடைய துணைவர்கள் உயிர் பிழைத்தனர். 2009 அக்டோபரில் செஷல்ஸ் தீவுகளை விட்டுப் புறப்பட்டுப் பிடிபட்ட பிரித்தானியத் தம்பதியர் எதிர்த்துச் சுடவில்லை. 388 நாட்கள் துன்புற்றனர். ஆனால் வீடு திரும்பினர்.

இவற்றைத் தராசில் இட்டு, துப்பாக்கி காத்த உயிர் இத்தனை, போக்கிய உயிர் இத்தனை என்று கணக்கிட்டு முடிவு கூற நான் விரும்பவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு நிகழ்ச்சியை வைத்தால் மறுபக்கத்தில் வேறொன்றை வைக்க எவராலும் இயலும். துப்பாக்கி அதை ஏந்தியவருடைய அறிவை என்ன செய்கிறது என்பதே நான் காண விரும்புவது. கைக்கெட்டும் தூரத்தில் வந்தவனை நாம் பார்த்துவிட்டோம். அவன் முகம் தெரியும். அவன் கையில் இருப்பது கத்தியா, கைவிளக்கா என்பதும் தெரியும். துப்பாக்கியோ தொலைவிலேயே பயன்படக் கூடியது. எதிரி அருகில் வருமுன் சுட்டால்தான் அதனால் நன்மை. நெருங்கிவிட்டால் அதனையே அவன் பறித்துக்கொள்ளக் கூடும். ஆகவே அது தன்னை ஏந்தியவரை அவசரப்படுத்துகிறது. வருபவன் இன்னான் என்று அறிவதற்கு வேண்டிய சில நிமிடங்களை அது விழுங்கி விடுகிறது. வலையைக் காக்க வேண்டி மீனவர் பெரிய கப்பலின் அருகே சென்று கையசைத்து விலகச் சொல்வது கடலில் அன்றாட நிகழ்ச்சி. பொறுமையுடன் நோக்குபவருக்கு அது வேண்டுகோள். துப்பாக்கியின் குறிக் கண்ணால் நோக்குபவருக்கோ அது தாக்குதல்.

ஹிம்சைக்கு நம் ஆசாரியர் கூறிய இலக்கணத்தை எண்ணிப் பார்த்தால் இதன் ஆழம் விளங்கும். உயிர் போவது மட்டும் ஹிம்சை என்று அவர்கள் கூறவில்லை. விழிப்பற்ற, கஷாயம் கலந்த மனநிலையால் பிற உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்றனர். அச்சத்தை நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்றாக எண்ணினர். அச்சம் எல்லாருக்கும் வருவதே. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அச்சத்தின் கையில் அவசரக் கருவியைக் கொடுத்து வைப்பது, விழிப்பின்மைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. கப்பலில் சுட்டவர் கப்பலின் உரிமையாளர் அல்லர். அச்சம் ஒருவருடையது, பொருள் ஒருவருடையது, விசையை இழுத்த விரல் வேறொருவருடையது. அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்றாகிய ஹிம்சாதானத்தை நம் நூல்கள் விலக்குகின்றன. வாள், தீ, நஞ்சு போன்ற கொலைக் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தலே ஹிம்சாதானம். தன் கை தூய்மையாக இருக்கிறது என்று கொடுத்தவன் கூறித் தப்ப இயலாது. கருவியைச் சுமந்தவரின் நிலையையும் பாருங்கள். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்னும் காவற்கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் 35 பேர் இருந்தனர். 35 துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன. 2016 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. நான்கு ஆண்டுகள் அவர்தம் குடும்பங்கள் கடல் கடந்த நாடுகளிலும் நம் நாட்டிலும் காத்திருந்தன. ஒரு நாட்டில் காவலர் எனப்பட்டவர் அடுத்த நாட்டின் கரையில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிறார். துறைமுகந்தோறும் ஆயுதத்தைக் கணக்குக் காட்ட வேண்டிய சிறு படகினர்க்கும் இதே இடர் உண்டு.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே காப்பி பயிரிடத் தொடங்கிய நாள் முதல் தோட்டத்து வீடுகளில் துப்பாக்கியும் இருந்து வந்துள்ளது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாதுகாப்பிற்கும் பயிர்க்காவலுக்கும் உரிமம் பெற வழி செய்துள்ளது. ஆனால் யாரிடமிருந்து பாதுகாப்பு? மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் மிதித்துச் செல்லும் காட்டெருமை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனைச் சுட எவருக்கும் உரிமை இல்லை. எஞ்சுபவன் மனிதன். சேர்வராயன் மலையில் இரவில் தோட்டத்தின் வழியே வருபவர் யார் யார்? மலையாளி மக்களின் ஊர்களுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் தோட்டங்களின் ஊடே செல்கின்றன. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவிற்குப் போய்த் திரும்புவோர் வருவர். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு வண்டி கேட்டு அவள் கணவன் ஓடி வருவான். குடித்துவிட்டு வழி தவறிய ஏழை ஒருவன் வருவான். மிளகு திருட வருபவனும் இருக்கலாம். மிளகுக்கு மரண தண்டனை எந்தத் தருமத்திலும் இல்லை. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் இவர்கள் அனைவரும் ஒரே நிழல்தான். பன்றி என்று எண்ணி மனிதனைச் சுட்ட செய்திகள் மலைநாட்டிலிருந்து அவ்வப்போது வருவதை நாளிதழ் படிப்போர் அறிவர். வேட்டைக்காரனின் தேர்ந்த கண்ணே பிழை செய்யுமாயின், உறக்கத்திலிருந்து அஞ்சி எழுந்தவரின் கண் என்ன செய்யும்?

தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமம் பெற்றோர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். அந்த வாரங்களிலும் தோட்டத்து வீடுகளில் இரவு வருகிறது. விளக்கேற்றி, கதவடைத்து, நாயை அவிழ்த்துவிட்டு மக்கள் உறங்கத்தான் செய்கின்றனர். ஒரு மாதம் இயல்வது பன்னிரண்டு மாதமும் ஏன் இயலாது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

சட்டமும் இவ்வறத்திற்கு வெகு தொலைவில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. காப்பதற்குத் தேவையான அளவினும் மிகுதியாக ஊறு செய்ய அவ்வுரிமை இடந்தரவில்லை. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. ஆயுதத்தைப் பொதுவில் பயின்றவர் கையில், ஆணைக்கும் கேள்விக்கும் உட்பட்டவர் கையில் ஒப்படைத்திருப்பதன் பயனும் இதுவே. 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட 'ரூயன்' என்னும் கப்பலை 2024 மார்ச்சில் நம் கடற்படை மீட்டது. சுமார் 40 மணி நேரம் பொறுமையுடன் சூழ்ந்து நின்றனர். கொள்ளையர் 35 பேரும் சரணடைந்தனர். மாலுமிகள் 17 பேரும் உயிருடன் மீண்டனர். அங்கே எதிரி யார் என்பது தெரிந்திருந்தது. காத்திருக்க வலிமையும் இருந்தது. தனி மனிதனின் படுக்கையறைத் துப்பாக்கிக்கு இவ்விரண்டும் இல்லை.

பரத சக்கரவர்த்தியும் பாகுபலியும் எதிர்த்து நின்ற வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். இரு படைகளும் மோதிப் பல்லாயிரவர் மாள்வதைத் தவிர்க்க விரும்பிய அமைச்சர்கள், உடன்பிறந்தார் இருவர் மட்டும் பொருதலாம் என்றனர். முதற்போர் எது? திருஷ்டி யுத்தம், ஒருவர் கண்ணை ஒருவர் இமையாது நோக்குதல். அதன் பின்னரே நீர்ப்போரும் மற்போரும் நிகழ்ந்தன. போர் செய்யத்தான் வேண்டும் என்றாலும், முதலில் எதிரியின் முகத்தைப் பார் என்பது எத்துணைப் பெரிய பாடம்! மூன்றிலும் தோற்ற பின் பரதர் எடுத்தது சக்கராயுதம். எட்ட நின்று ஏவக் கூடிய ஆயுதம் அது ஒன்றே. அதுவும் பாகுபலியை வலம் வந்ததேயன்றிக் கொல்லவில்லை. நாம் ஏவும் தோட்டாவிற்கோ உறவும் தெரியாது, அயலும் தெரியாது. அது வலம் வந்து நிற்பதில்லை.

ஆதலின் என் கருத்து இது. நேருக்கு நேர் வந்து தாக்குபவனைத் தடுத்து நிற்கும் உரிமையை இல்லறத்தார் இழக்க வேண்டியதில்லை. ஆனால், எதிரியைவிட அயலானே மிகுதியாக வரக்கூடிய இடத்தில், மலை வீடாயினும் கடற்படகாயினும், துப்பாக்கியை வைத்துக்கொள்ளாமையே அணுவிரதத்திற்கு ஏற்றது. அதற்கு மாறாகச் செய்யக் கூடியவை பல உண்டு. கடலோடிகள் கூட்டாகச் செல்கின்றனர்; தாம் இருக்கும் இடத்தைக் கரைக்கு அறிவித்தபடி செல்கின்றனர்; இடர் மிகுந்த கடலைத் தவிர்த்து நெடுவழி சுற்றுகின்றனர். 2011இல் சிலர் தம் படகையே பெரிய கப்பலில் ஏற்றி அனுப்பினர். நாமும் வெளிச்சத்தை மிகுதியாக்கலாம்; உறுதியான தாழ் இடலாம்; அண்டைத் தோட்டத்தாருடன் மணி அடித்தால் வருவது என்று உடன்பாடு செய்துகொள்ளலாம்; பணத்தையும் நகையையும் தனி வீட்டில் வைக்காதிருக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் தோட்டத்தைச் சுற்றி வாழும் மக்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கலாம். பெயர் தெரிந்தவன் இருளிலும் நிழலாகத் தோன்றுவதில்லை. அவன் குரலே அவனைக் காட்டிவிடும்.

இதற்கு விலை உண்டு என்பதை மறைப்பது பொய்யாகும். துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய ஒருவர், அது இல்லாமையால் ஒருநாள் இறக்கவும் கூடும். அவர் நம்முள் ஒருவராகவே இருக்கலாம். விரதம் என்பது இழப்பே நேராது என்ற உறுதிமொழி அன்று. எந்த இழப்பை நாம் ஏற்போம், எந்தப் பழியை ஏற்க மாட்டோம் என்று அமைதியான பகற்பொழுதில் முன்கூட்டியே செய்துகொள்ளும் முடிவு அது. வண்டி கேட்டு ஓடி வந்தவனைக் கொன்றுவிட்டு வாழ்வதையும், திருடனிடம் பொருளை இழப்பதையும், அரிதாக உயிரையே இழப்பதையும் எதிரெதிரே வைத்து ஒவ்வொரு குடும்பமும் கூடிப் பேசட்டும். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வருமுன் அப்பேச்சு நடக்குமாயின் நன்று.